நிறுத்தமா, நிறுத்திவைப்பா? அமீரக–இஸ்ரேல் உறவு அறிவிப்பை அரபு ஊடகங்கள் வழங்கிய விதமும் ஒரு தமிழ்ச் செய்தி மேசை செய்த பிழையும்

பின்னணி

2020 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை. வாஷிங்டனில் முற்பகல், அபுதாபியில் பொழுது சாய்ந்த நேரம். இஸ்ரேலும் ஐக்கிய அரபு அமீரகமும் தூதரக உறவு தொடங்கப்போவதாக, அமெரிக்காவும் சேர்ந்து மூன்று நாடுகளும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. எகிப்து 1979இலும் ஜோர்தான் 1994இலும் இஸ்ரேலுடன் ஒப்பந்தம் செய்திருந்தன. மொரிட்டானியா 1999இல் முழு உறவு வைத்துக்கொண்டு, பத்தாண்டு கழித்து விலகியது. வளைகுடா நாடுகளில் இதற்கு முன்வந்த முதல் நாடு அமீரகம்.

அன்றிரவு ஒரு தமிழ்ச் செய்தி நிறுவனத்தின் வெளிநாட்டுப் பிரிவில் பணியில் இருந்தவர்கள் மூவர். ஒருவர் பொறுப்பாசிரியர். இன்னொருவர் ஆங்கில முகமைச் செய்திகளைத் தமிழாக்குபவர். மூன்றாமவர் அரபு மூலங்களைப் படிப்பவர், மதரஸாவில் ஓதி ஆலிம் பட்டம் பெற்றவர், அலுவலகத்தில் எல்லாருக்கும் ‘ஹஜ்ரத்’. அவர்களுடைய வாசகர்களில் கணிசமானோர் துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் வேலை செய்யும் தமிழர்கள். அரபு ஊடகங்கள் இந்த அறிவிப்பை எப்படி வழங்குகின்றன என்று நாள்தோறும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுவது அந்த வாரம் மேசைக்கு விழுந்த கூடுதல் வேலை.

அதற்குள் போகுமுன் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறவை இயல்புநிலைக்குக் கொண்டுவருவதை அரபியில் ‘தத்பீஉ’ என்பார்கள். இயற்கை, இயல்பு என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்த சொல், அகராதியில் எந்தக் குற்றமும் இல்லாதது. ஆனால் எகிப்து ஒப்பந்தத்துக்குப் பிந்திய நாற்பதாண்டு அரசியல் அதன் சுவையை மாற்றிவிட்டது. அந்த ஒப்பந்தத்துக்காக எகிப்து அரபு லீக்கிலிருந்து விலக்கப்பட்டது, லீக்கின் தலைமையகமே கெய்ரோவிலிருந்து துனிஸுக்குப் போனது. இஸ்ரேலுடன் தொழில்முறைத் தொடர்பு கூடாது என்று எகிப்துப் பத்திரிகையாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குத் தடை போட்டது. அரசு கையெழுத்திட்டாலும் சமூகம் ஏற்கவில்லை என்பதைச் சொல்ல ‘தத்பீஉ’ பயன்பட்டு, நாளடைவில் அது ஒரு வசவாகவே ஆனது. ‘முதப்பிஊன்’, அதாவது இயல்பாக்குகிறவர்கள், என்று யாரையாவது அழைத்தால் விலைபோனவர்கள் என்ற தொனி அதில் உண்டு. இதே சொல்லுக்கு ஆங்கிலத்தில் உள்ள இணை வெறும் ராஜதந்திரக் கலைச்சொல். இந்த இடைவெளிதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

ஊடகங்களின் உடைமை நிலவரமும் முக்கியம். வாம் அமீரகத்தின் அரசுச் செய்தி முகமை. ஸ்கை நியூஸ் அரேபியா அபுதாபியிலிருந்து இயங்குவது. அல் அரபியா, அஷ்ஷர்க் அல்அவ்ஸத் இரண்டும் சவூதிச் சார்பு. அல் ஜஸீரா கத்தாரின் நிதியில் தோஹாவிலிருந்து இயங்குவது. அல் மயாதீன் பெய்ரூட்டில் 2012இல் தொடங்கப்பட்டு ஈரான் அணிக்கு நெருக்கமாக இருப்பது. அல் மனார் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத்தின் சொந்தத் தொலைக்காட்சி. அந்த ஆகஸ்டில் கத்தார் மீது சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் 2017 ஜூனில் போட்ட முற்றுகை இன்னும் நீங்கவில்லை. அவை அப்போது வைத்த 13 கோரிக்கைகளில் அல் ஜஸீராவை மூடுவதும் ஒன்று. ஆகவே அமீரகத்தைப் பற்றி அல் ஜஸீரா எழுதும்போது பாலஸ்தீனக் கேள்வியோடு இந்தப் பழைய கணக்கும் சேர்ந்தே வரும்.

முதல் இரவு: நடந்த பிழை

கூட்டறிக்கையில் வாசகர் உடனே தேடிய வரி மேற்குக் கரையைப் பற்றியது. அதன் பகுதிகளை இஸ்ரேலுடன் சேர்த்துக்கொள்ளப் போவதாக இஸ்ரேலியப் பிரதமர் அறிவித்திருந்தார். ஜூலை 1 முதல் அது நடக்கலாம் என்ற நிலை இருந்தது. வாஷிங்டனில் இருந்த அமீரகத் தூதர், ஜூன் 12 அன்று ஒரு ஹீப்ரு நாளிதழில் கட்டுரை எழுதி, நிலத்தைச் சேர்த்துக்கொள்வது அல்லது அரபு உலகோடு உறவு, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று இஸ்ரேலியருக்கு நேரடியாகவே சொல்லியிருந்தார். எனவே ஆகஸ்ட் 13இல் இணைப்புத் திட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் செய்தி.

மேசைக்கு இரண்டு பிரதிகள் வந்தன. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கியவர், அமெரிக்க அதிபரின் அமைதித் திட்டத்தில் குறிக்கப்பட்ட பகுதிகள் மீது இறையாண்மையை அறிவிப்பதை இஸ்ரேல் ‘நிறுத்திவைக்கும்’ என்று எழுதினார். ஹஜ்ரத் வாம் முகமையின் அரபுப் பிரதியைப் பார்த்து, பாலஸ்தீன நிலங்களை இணைக்கும் திட்டத்தை இஸ்ரேல் ‘நிறுத்தும்’ என்று எழுதினார்.

பொறுப்பாசிரியர் இரண்டையும் பார்த்தார். ஒரே அறிக்கை, இரண்டு தமிழாக்கம், ஒன்று தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட முடிவு.

“ஹஜ்ரத், ‘நிறுத்திவைக்கும்’னுதானே வரணும்?”

“இல்ல தம்பி. இங்க ‘ஸததவக்கஃபு’ன்னு இருக்கு. நிறுத்திக்கும்னுதான் அர்த்தம். ‘தஅலீக்’னு இருந்திருந்தா தொங்கல்ல போடுறதுன்னு எழுதலாம். அந்தச் சொல் இதுல இல்லையே.”

ஹஜ்ரத் சொன்னது முழுக்கச் சரி. அவர் உறுதியாகச் சொன்னதாலும், அபுதாபி பட்டத்து இளவரசரின் அரபு ட்வீட்டிலும் ‘ஈகாஃப்’, அதாவது நிறுத்தம், என்றே இருந்ததாலும், பொறுப்பாசிரியர் ஆங்கிலத் தமிழாக்கத்தை அரபுப் பிரதிக்கு ஏற்பத் திருத்தினார். “மேற்குக் கரை இணைப்பு நிறுத்தம்: இஸ்ரேல் ஒப்புதல்” என்று தலைப்புப் போனது. ‘அமைதி ஒப்பந்தம்’ என்ற சொல்லும் அமீரக ஊடகங்களிலிருந்து அப்படியே செய்தியின் முதல் பத்தியில் ஏறிவிட்டது.

மொழிபெயர்ப்பில் யாரும் தவறவில்லை. ஆங்கிலப் பிரதியும் அரபுப் பிரதியும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்புகளே அல்ல என்ற எண்ணம் மூவரில் யாருக்கும் வரவில்லை. பிழை அங்கேதான்.

பிழை தெரிந்த விதம்

அன்றிரவே இஸ்ரேலியப் பிரதமர் செய்தியாளர்களிடம் பேசினார். இறையாண்மைத் திட்டம் கைவிடப்படவில்லை, அமெரிக்க அதிபர் கேட்டுக்கொண்டதால் தற்காலிகமாகக் காத்திருக்கிறோம் என்றார். வெள்ளை மாளிகையில் இஸ்ரேலுக்கான அமெரிக்கத் தூதர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். ‘நிறுத்திவைப்பு’ என்ற சொல் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, இணைப்பு இப்போது மேசையில் இல்லை, ஆனால் நிரந்தரமாக எடுக்கப்பட்டுவிடவும் இல்லை என்றார் அவர்.

இந்தப் பேச்சுகள் மேசைக்கு வந்தபோது தலைப்பு ஏற்கெனவே போய்விட்டது. வெள்ளி காலை ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்து, “நிறுத்தமா, நிறுத்திவைப்பா, எது?” என்று கேட்டார். தமிழில் இந்த இரு சொற்களுக்கும் உள்ள தூரம் எந்த வாசகருக்கும் புரியும். ஒரு ஊழியரின் ஊதிய உயர்வை நிறுத்துவதும் நிறுத்திவைப்பதும் ஒன்றல்ல.

அதன் பிறகுதான் மூவரும் இரண்டு பிரதிகளையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்து வரி வரியாகப் படித்தார்கள். மூன்று இடங்களில் பிரதிகள் பிரிந்தன.

முதல் பிரிவு முதல் பத்தியிலேயே. ஆங்கிலத்தில் இரு நாடுகளும் ‘உறவை முழுமையாக இயல்பாக்க’ ஒப்புக்கொண்டன. அரபியில் அந்த இடத்தில் ‘முபாஷரா’, அதாவது முழுமையான இருதரப்பு உறவைத் ‘தொடங்க’ ஒப்புக்கொண்டன என்றிருந்தது. ‘தத்பீஉ’ அங்கே இல்லை. வசவாகிவிட்ட சொல்லைத் தன் அறிவிப்பில் எழுத எந்த அரசுதான் விரும்பும்?

இரண்டாவது, ‘நிறுத்திவைத்தல்’ என்ற ஆங்கில வினைக்கு எதிரே ‘நிறுத்துதல்’. அரபுச் சொல் ‘இனி ஒருபோதும் இல்லை’ என்று உறுதி தரவில்லை என்பதும் உண்மை. ஆனால் ‘தற்காலிகம்’ என்ற சாயல் அதில் துளியும் இல்லை.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் நிறுத்திவைக்கப்படுவது ‘இறையாண்மையை அறிவித்தல்’, அதுவும் ‘அதிபரின் திட்டத்தில் குறிக்கப்பட்ட பகுதிகள்’ மீது. அரபியில் நிறுத்தப்படுவது ‘பாலஸ்தீன நிலங்களை இணைத்தல்’. நிலம் யாருடையது என்பதை ஆங்கிலப் பிரதி சொல்லாமல் தவிர்க்கிறது, அரபுப் பிரதி சொல்லிவிடுகிறது. இஸ்ரேலியர் ‘இறையாண்மை’ என்பதையே அரபுலகம் ‘ளம்மு’, இணைப்பு, என்கிறது. ஒரே கூட்டறிக்கையின் இரு பிரதிகளில் இரு பெயரும் இடம்பிடித்திருந்தன.

வெள்ளி நண்பகல் இணையப் பதிப்பில் தலைப்பு மாற்றப்பட்டது. செய்தியின் அடியில் திருத்தக் குறிப்பு சேர்க்கப்பட்டது. அச்சுப் பதிப்பில் மறுநாள் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக இரு பிரதிகளின் வேறுபாடு விளக்கப்பட்டது. வாரம் முழுவதும் அந்த மேசை எழுதியவற்றில் அதிகம் படிக்கத்தக்கது அந்தப் பெட்டிச் செய்திதான் என்பது இந்த ஆய்வை எழுதுகிறவர்களின் கருத்து.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அரபு ஊடகக் குறிப்பை எழுதும் முறையே மாறியது. ஒரு விரிதாள் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை, பத்திகள் இவை: ஊடகத்தின் பெயரும் அதற்குப் பணம் தரும் நாடும், கிரீன்விச் கணக்கில் நேரம், எங்கே வந்தது (தளத் தலைப்பு, திரையடி ஓடுவரி, கைபேசி அறிவிப்பு, தலையங்கம்), நிகழ்வுக்கு வைத்த பெயர், இணைப்புக்குப் போட்ட வினைச்சொல், எதிர்த்தரப்பை அழைத்த பெயர், தலைப்பின் எழுவாய் யார், பாலஸ்தீனத் தரப்பின் பேச்சு செய்தியின் எத்தனையாவது பத்தியில் வருகிறது.

வரிசையை நிரப்பும் ஒழுங்கும் தீர்மானிக்கப்பட்டது. முதலில் திரைப்பிடிப்பு, பிறகுதான் வாசிப்பு. செய்தித் தளங்கள் தலைப்பை ஒரு மணி நேரத்தில் இருமுறை மாற்றுவது வழக்கம், பிடிக்காமல் விட்டால் முதல் தலைப்பு போனது போனதுதான். அடுத்து அரபுச் சொல்லை அப்படியே அரபு எழுத்தில் பதிய வேண்டும். தமிழ் பக்கத்துப் பத்தியில் வரும், அதன் இடத்தில் அல்ல. தமிழை மட்டும் வைத்திருந்தால் ‘முஆஹதா’வும் ‘இத்திஃபாக்’கும் இரண்டுமே ‘ஒப்பந்தம்’ ஆகிவிடும். முன்னது அரசுகள் கையெழுத்திடும் உடன்படிக்கை, பின்னது எந்த இசைவுக்கும் பொருந்தும். கையெழுத்தே ஆகாத ஆகஸ்டில் யார் முன்னதை எழுதினார்கள் என்பதே ஒரு தகவல்.

ஒரே சானலின் ஆங்கிலத் தளத்தை வைத்து அதன் அரபுத் தளத்தை ஊகிப்பது தடை செய்யப்பட்டது. அல் ஜஸீரா ஆங்கிலமும் அல் ஜஸீரா அரபியும் தனித்தனிச் செய்தியறைகள், தனித்தனி வாசகர்கள். அல் அரபியாவுக்கும் இது பொருந்தும். ஆங்கிலம் தெரிந்த செய்தியாளர் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். அரபு ஊடகம் என்று அவர் சொல்வது பெரும்பாலும் அரபு ஊடகம் வெளியாருக்குக் காட்டும் முகம்.

செய்திக் குரலையும் மேற்கோளையும் பிரிப்பது இன்னொரு முடிவு. ‘பாலஸ்தீன அதிபர் அலுவலகம் இதை ஜெரூசலத்துக்கும் அல்அக்ஸாவுக்கும் பாலஸ்தீனப் பிரச்சினைக்கும் இழைத்த துரோகம் என்றது’ என்பது மேற்கோள். அதே ‘துரோகம்’ மேற்கோள் குறியில்லாமல் ஓடுவரியில் வந்தால் அது சானலின் குரல். முன்பு இரண்டையும் ஒன்றாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்பதில் வாதம் நீண்டது. ‘அமைதி ஒப்பந்தம்’ என்று எழுதினால் அமீரக அரசின் சொல்லைத் தன் சொல்லாக எடுத்துக்கொண்டதாகும். இரு நாடுகளும் நேருக்கு நேர் போரிட்டதில்லை, எல்லையும் பகிர்ந்துகொள்ளவில்லை என்று எதிர்ப்பாளர்கள் அந்த வாரமே கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ‘இயல்பாக்கம்’ என்று எழுதினால் அரபு வாசகர் கேட்கும் வசவு தமிழ் வாசகருக்குக் கேட்காது. கடைசியில், மேசையின் சொந்தக் குரலில் ‘தூதரக உறவு தொடக்கம்’, மற்றவர் சொல்வதைச் சொல்லும்போது அவரவர் சொல், ‘தத்பீஉ’ வந்தால் முதல் முறை ஒரு வரி விளக்கம் என்று முடிவானது.

ஆகஸ்ட் 14 முதல் செப்டம்பர் 15 வரை கண்டவை

விரிதாள் நிரம்ப நிரம்ப ஒரு வடிவம் தெரிந்தது. அமீரக ஊடகங்கள் ‘முஆஹதா’ என்பதையும் ‘ஸலாம்’, அதாவது அமைதி, என்பதையும் சேர்த்தே எழுதின, கையெழுத்துக்கு ஒரு மாதம் முன்பே. எழுவாய் பெரும்பாலும் அமீரகம் அல்லது அதன் தலைமை, பயனிலை ‘இணைப்பைத் தடுத்தது’. அல் ஜஸீராவில் ‘அமீரக–இஸ்ரேல் தத்பீஉ உடன்பாடு’ என்பதே பெயர். அல் மயாதீன், அல் மனார் இரண்டிலும் ‘தத்பீஉ’வோடு துரோகம், சரணாகதி போன்ற சொற்கள் வந்தன. எதிர்த்தரப்பின் பெயரும் அதே படிக்கட்டில் இறங்கும்: இஸ்ரேல், இஸ்ரேலிய ஆக்கிரமிப்பு, எதிரிக் கட்டமைப்பு.

‘ஈகாஃப்’ என்ற ஒரு சொல் பயணப்பட்ட வழியை மேசை தனியாகத் தொடர்ந்தது. எகிப்து அதிபர் ஆகஸ்ட் 13 மாலையே ட்வீட் செய்தார். பாலஸ்தீன நிலங்களை இணைப்பதை ‘நிறுத்தும்’ உடன்பாட்டை மிகுந்த மதிப்போடு கவனித்ததாக அதில் இருந்தது. எகிப்து ஊடகம் அதையே எடுத்தது. பட்டத்து இளவரசரின் ட்வீட்டிலிருந்து அண்டை நாட்டு அதிபரின் ட்வீட்டுக்கும், அங்கிருந்து நாளிதழ்களுக்கும் சில மணி நேரத்தில் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் செய்தி படித்த ஒருவருக்கு இந்தப் பாதை கண்ணில் படவே படாது. ஜோர்தான் வேறுவிதமாக நடந்தது. இதன் விளைவு இஸ்ரேல் அடுத்து என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது என்று அதன் வெளியுறவு அமைச்சர் சொன்னார். வாழ்த்தும் இல்லை, கண்டனமும் இல்லை.

ஆகஸ்ட் 31 அன்று டெல் அவீவிலிருந்து அபுதாபிக்கு முதல் பயணிகள் விமானம் பறந்தது. விமான எண் 971, அமீரகத்தின் தொலைபேசிக் குறியீடு. திரும்பும்போது 972, இஸ்ரேலுடையது. விமானி அறை ஜன்னலுக்கு மேல் ‘அமைதி’ என்ற சொல்லை அரபு, ஆங்கிலம், ஹீப்ரு மூன்றிலும் எழுதியிருந்தார்கள். அதே மாதம் முழுக்க காஸாவிலிருந்து தீப்பற்றும் பலூன்களும் அதற்குப் பதிலடியாக இஸ்ரேலிய வான்தாக்குதல்களும் நடந்துகொண்டிருந்தன. எந்தத் தொலைக்காட்சி எந்தப் படத்தை முதலில் வைக்கிறது என்பதைப் பதிய விரிதாளில் பத்தியே இல்லை. சொற்களைப் பிடிப்பதில் மூழ்கிப் படங்களை விட்டுவிட்டார்கள். செப்டம்பர் 1 முதல் ‘முதற்படம்’ என்று ஒரு பத்தி சேர்ந்தது. முதல் இரண்டரை வாரப் பதிவுகளில் அது வெறுமையாகவே இருக்கிறது, திரும்ப நிரப்ப வழியில்லை.

செப்டம்பர் 15, வெள்ளை மாளிகையில் கையெழுத்து. அமீரகம் கையெழுத்திட்டது அமைதி, தூதரக உறவு, முழு இயல்பாக்கம் ஆகியவற்றுக்கான உடன்படிக்கை என்ற நீண்ட தலைப்புள்ள ஆவணம். இனி ‘உடன்படிக்கை’ என்று தயங்காமல் எழுதலாம் என்று மேசை முடிவு செய்தது, அது ஆவணத்தின் பெயரே ஆகிவிட்டதால். உடன்படிக்கையை முழுவதும் படித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, ஹீப்ரு, அரபு, ஆங்கிலம் மூன்று பிரதிகளும் சம மதிப்புடையவை, பொருள்கொள்வதில் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே செல்லும் என்ற வரி. ஆகஸ்ட் கூட்டறிக்கையில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. இன்னொன்று, இணைப்பைப் பற்றி உடன்படிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. ‘ஈகாஃப்’பும் இல்லை, ‘தஅலீக்’கும் இல்லை. ஒரு மாதம் அரபு ஊடகத் தலைப்புகளைத் தாங்கிய சொல் கையெழுத்து ஆவணத்தில் இடம்பெறவே இல்லை என்பதை மேசை அன்றைய குறிப்பின் முதல் வரியாக வைத்தது.

மௌனத்தைப் படித்ததில் நேர்ந்த சறுக்கல்

சவூதி ஆறு நாள் பேசவில்லை. ஆகஸ்ட் 19 அன்று பெர்லினில்தான் அதன் வெளியுறவு அமைச்சர், 2002ஆம் ஆண்டின் அரபு அமைதி முன்மொழிவில் (பாலஸ்தீன நாடு அமைந்தால்தான் இஸ்ரேலுடன் உறவு என்பது அது) உறுதியாக இருப்பதாகச் சொன்னார். இதற்கிடையில் சவூதிச் சார்பு ஊடகங்கள் அமீரக அறிவிப்பை விரிவாகவும் சாதகமாகவும் வழங்கின. செப்டம்பர் 2 அன்று சவூதி விமானப் போக்குவரத்து ஆணையம், அமீரகத்துக்கு ‘எல்லா நாடுகளிலிருந்தும்’ வரும், போகும் விமானங்கள் தன் வான்வெளியைக் கடக்கலாம் என்று அறிவித்தது. இஸ்ரேல் என்ற பெயர் அதில் இல்லை. பாலஸ்தீனம் குறித்த நிலைப்பாடு மாறவில்லை என்று வெளியுறவு அமைச்சர் உடனே ஒரு வரி எழுதினார். அந்த வாரமே மக்கா பெரிய பள்ளிவாசலின் வெள்ளிக்கிழமை உரை, யூதர்களோடு நபிகள் நல்லுறவு பேணியதைக் குறிப்பிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் வாஷிங்டனில் நீண்டகாலம் தூதராக இருந்த ஒரு மூத்த இளவரசர் அல் அரபியாவில் மூன்று பகுதிகளாகப் பேசிப் பாலஸ்தீனத் தலைமையைக் கடுமையாகச் சாடினார்.

இவற்றையெல்லாம் கோத்து, ‘அடுத்தது சவூதி’ என்ற பொருள்படும் ஒரு குறிப்பை மேசை எழுதியது. அடுத்தது சவூதி அல்ல. செப்டம்பர் 11 அன்றே பஹ்ரைன் வந்திருந்தது, அதற்கடுத்து அக்டோபர் 23 அன்று சூடான், டிசம்பர் 10 அன்று மொராக்கோ. சவூதி அந்த வரிசையில் சேரவில்லை.

ஒவ்வொரு தகவலும் சரியானதே. ஊடகத்தின் சாதகத் தொனியை அரசின் முடிவாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. ஒரு தொலைக்காட்சி மக்களை ஒரு கருத்துக்குப் பழக்குவதும், அந்த நாடு அதைச் செய்யத் தீர்மானிப்பதும் வேறு வேறு. இதற்குப் பிறகு மௌனத்தையும் ஒரு வரிசையாகப் பதிவது, தேதி போடுவது, பொருள் சொல்லாமல் விடுவது என்று விதி வைத்தார்கள். ‘ஆகஸ்ட் 13–19: சவூதி அரசின் பேச்சு இல்லை.’ அவ்வளவே.

சமூக ஊடகக் குறிச்சொற்களிலும் இதே எச்சரிக்கை தேவைப்பட்டது. ‘தத்பீஉ துரோகம்’, ‘தத்பீஉவுக்கு எதிரான வளைகுடாவினர்’ போன்றவை அந்நாட்களில் பரவலாக ஓடின. இரு தரப்பிலும் ஒருங்கிணைந்து இயங்கும் கணக்குகள் உண்டு. அமீரகத்துக்குள் இருப்பவர் அரசை வெளிப்படையாக விமர்சிக்கச் சட்டம் இடம் தராது. எனவே அங்கிருந்து எதிர்ப்பு கேட்காததைச் சம்மதம் என்றும், வெளியிலிருந்து கேட்ட கூச்சலைப் பொதுக்கருத்து என்றும் எழுதக் கூடாது என்று பொறுப்பாசிரியர் சொன்னார். வளைகுடா வாழ் தமிழ் வாசகர்கள் சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. “இங்க உள்ள அரபிங்க என்ன நினைக்கிறாங்கன்னு எழுதுங்க” என்பது அவர்கள் கேட்டது. அதை அறிய மேசையிடம் நேர்மையான வழி இல்லை.

பஹ்ரைனும் மொராக்கோவும்: முறை தேர்வு கண்ட இடம்

பஹ்ரைன் தன் ஆவணத்தை ‘அமைதியை ஆதரிக்கும் அறிவிப்பு’ என்று அழைத்தது. உடன்படிக்கை என்ற சொல்லே வேண்டாம் என்று ஒதுங்கிய பெயர் அது. மேசை இம்முறை அமீரகத்தின் சொல்லைப் பஹ்ரைனுக்குப் போடவில்லை.

மொராக்கோவில்தான் ஆகஸ்டில் கற்ற பாடம் முழுதாகப் பயன்பட்டது. ஆங்கில முகமைகள் ‘மொராக்கோ உறவை இயல்பாக்குகிறது’ என்று தலைப்பிட்டன. ஹஜ்ரத் அரண்மனை அறிக்கையின் அரபுப் பிரதியைத் தேடி எடுத்த பிறகுதான் தமிழ்த் தலைப்பு எழுதப்பட்டது. அதில் இருந்த சொல் ‘இஸ்திஇனாஃப்’, மீண்டும் தொடங்குதல். 1990களில் ரபாத்திலும் டெல் அவீவிலும் தொடர்பு அலுவலகங்கள் இருந்தன, 2000இல் மூடப்பட்டன. ஆகவே இது தத்பீஉ அல்ல, விட்டதைத் தொடர்வது என்பது மொராக்கோ அரசின் வாதம். வெளியுறவு அமைச்சரும் அப்படியே சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்ரேலுடன் தத்பீஉ கூடாது என்று பேசிய பிரதமர்தான் டிசம்பர் 22 அன்று ரபாத்தில் கையெழுத்திட்டார். அவர் கட்சி இஸ்லாமியச் சார்புள்ளது. ‘மீண்டும் தொடங்குதல்’ என்ற சொல் இல்லாமல் அவரால் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

தலைப்பின் எழுவாயும் இங்கே மாறியிருந்தது. மொராக்கோ ஊடகங்களில் பெரிய செய்தி இஸ்ரேல் அல்ல. மேற்கு சஹாரா மீது மொராக்கோவின் இறையாண்மையை அமெரிக்கா ஏற்றதே தலைப்பு. இஸ்ரேல் அடுத்த இடத்தில். எந்தச் செய்தியை மேலே வைத்து எதைக் கீழே தள்ளுகிறார்கள் என்ற கேள்விக்கு விரிதாளின் எழுவாய்ப் பத்தி ஒரு பார்வையில் விடை தந்தது.

2023: அதே சொல், வேறு எதிரி

2023 மார்ச் 10, பெய்ஜிங்கில் சவூதியும் ஈரானும் சீனாவோடு சேர்ந்து கூட்டறிக்கை விட்டன. 2016 ஜனவரியில் சவூதி ஒரு ஷீஆ மதகுருவை மரண தண்டனைக்கு உட்படுத்தியதும், டெஹ்ரானில் சவூதித் தூதரகம் தாக்கப்பட்டதும், உறவு முறிந்ததும் நடந்து ஏழாண்டு ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்குள் தூதரகங்கள் திறப்பது, உள்விவகாரத்தில் தலையிடாமை, 2001ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தத்தை மீண்டும் நடைமுறைப்படுத்துவது ஆகியவை அறிக்கையில் இருந்தன.

மேசை முதலில் அரபு மூலத்தைத்தான் எடுத்தது. சொல் ‘இஸ்திஇனாஃப்’. சவூதிச் சார்பு ஊடகமும் ஈரான் சார்பு ஊடகமும் அதையே பயன்படுத்தின. 2020இல் நிகழ்வின் பெயரிலேயே பிரிந்தவர்கள் இங்கே அடுத்த வாக்கியத்தில் பிரிந்தார்கள். ஒரு தரப்பு ‘தலையிடாமை’ என்ற விதியை மேலே தூக்கியது. மறுதரப்பு அமெரிக்காவின் பின்னடைவையும் இஸ்ரேலின் கவலையையும் முன்வைத்தது. சவூதி வெளியுறவு அமைச்சர் சில நாளில் அஷ்ஷர்க் அல்அவ்ஸத் பேட்டியில், உறவு மீள்வதால் எல்லாத் தகராறும் தீர்ந்துவிட்டதாகாது என்றார். ஏமனின் சவூதி ஆதரவு அரசு, சொல்லை அல்ல, செயலை வைத்தே தீர்மானிப்போம் என்றது. அந்த அரசை எதிர்த்துப் போரிட்ட, ஈரான் சார்பு ஹூதிகளின் பேச்சாளர் வரவேற்றார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ‘தத்பீஉ’ இங்கே சில அரபுத் தலைப்புகளில் வந்தது, ஆனால் வசவாக அல்ல, வெறும் ராஜதந்திரச் சொல்லாக. அதே ஆண்டு மே 7 அன்று சிரியாவை அரபு லீக் திரும்பச் சேர்த்தபோது, சிரிய எதிர்க்கட்சி ஊடகங்களில் ‘அஸதுடன் (அப்போதைய சிரிய அதிபர்) தத்பீஉ’ என்று மறுபடி அதே கசப்போடு வந்தது. சொல்லின் நஞ்சு சொல்லில் இல்லை, அதன் பின்னால் வரும் ‘உடன்’ யாருடன் என்பதில் இருக்கிறது. ஒரே தமிழ்ச் சொல்லை மூன்று இடத்திலும் போட்டிருந்தால் இந்த வேறுபாடு தொலைந்திருக்கும்.

மாற்ற வேண்டியவை

ஊடகத்துக்குப் பணம் தரும் நாடு என்ற பத்தி தேவைதான், ஆனால் அது ஒரு மயக்கத்தையும் தந்தது. 2024 அக்டோபரில் சவூதியின் எம்.பி.சி. தொலைக்காட்சி ஒரு செய்தித் தொகுப்பில் ஹமாஸ், ஹிஸ்புல்லா, ஈரான் தளபதிகளைப் பயங்கரவாதிகள் என்றது. பாக்தாதில் அதன் அலுவலகத்துக்குள் கூட்டம் புகுந்து சேதப்படுத்தியது. ஈராக் அதன் உரிமத்தை நிறுத்திவைத்தது. சவூதியின் ஊடக ஒழுங்காற்று ஆணையமோ சானலின் பொறுப்பாளர்களை விசாரணைக்கு அனுப்பியது. சானலின் பேச்சைச் சவூதி அரசின் பேச்சாக அன்று மாலை எழுதியிருந்தால் மறுநாள் காலை இன்னொரு திருத்தக் குறிப்பு தேவைப்பட்டிருக்கும். இப்போது அந்தப் பத்திக்கு அருகே ‘அரசு அதே நாளில் சொன்னது’ என்று தனிப் பத்தி இருக்கிறது, காலியாக இருந்தால் காலியாகவே விடப்படுகிறது.

அவசர இரவில் முதல் பதினைந்து நிமிடத்தை மூலப் பிரதிகளை ஒப்பிடுவதற்கு ஒதுக்குவது என்ற விதி உண்டு. நடைமுறையில் அது பத்து நிமிடமாகவே சுருங்குகிறது, அச்சு நேரம் நெருங்கினால் ஐந்து. அப்போது முழு அறிக்கையையும் ஒப்பிட முயலாமல் நான்கு இடங்களை மட்டும் பார்க்கிறார்கள்: முதல் வினைச்சொல், நிலத்தின் பெயர், காலக்கெடு, நன்றி சொல்லப்பட்டவர்கள்.

ஹீப்ரு படிக்கத் தெரிந்தவர் மேசையில் இன்னும் இல்லை. ஆகஸ்ட் 13 இரவு இஸ்ரேலியப் பிரதமர் பேசியது ஆங்கிலம் வழியாகவே வந்து சேர்ந்தது, அந்தத் தாமதத்தில்தான் தலைப்பு போனது. ஃபார்சிக்கும் இதே குறை, 2023இல் டெஹ்ரான் பிரதியை அரபு வழியாகவே பார்க்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து இரண்டு பேரை, பிரதி ஒப்பீட்டுக்கு மட்டும், மணிக்கணக்கில் அமர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டை மேசை கேட்டிருக்கிறது. அதுவரை ஹீப்ரு, ஃபார்சி வரிசைகளில் ‘நேரடியாகப் படிக்கவில்லை’ என்ற குறிப்பு நிற்கும்.